வயிறு தள்ளாமல் உடம்பு ஏற்றுவது: நம்ம வீட்டுச் சாப்பாட்டிலேயே கணக்கு

திருநகர் இளசு

அண்ணன், அக்காமாருக்கு வணக்கம். வயசு 23, உயரம் 172 செ.மீ., எடை 58 கிலோ, தொப்புள் மட்டத்தில் இடுப்பு 78 செ.மீ. வாரம் 4 நாள் ஜிம். கையும் தோளும் குச்சியா இருக்கு, வயிறு மட்டும் லேசா முன்னால நிக்குது. ஜிம்ல "முதல்ல நல்லா தின்னு வெயிட்ட ஏத்து, கொழுப்ப அப்புறம் கரைச்சுக்கலாம்"ங்கிறாங்க. வீட்ல மூணு வேளையும் அரிசிதான். காலைல இட்லி, மத்தியானம் சாதம், ராத்திரி தோசை. கறி ஞாயித்துக்கிழமை மட்டும். முட்டை, பால், மீல் மேக்கர் எப்பவும் கிடைக்கும். எனக்குன்னு தனியா உலை வைக்க வழியில்ல. எதைக் கூட்டணும், எதைக் குறைக்கணும்னு கிராம் கணக்குல சொன்னா புண்ணியமாப் போகும்.

உணவுக்கணக்கு

தம்பி, முதலில் உங்கள் உடம்புக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு செலவாகிறது என்று பார்த்துவிடுவோம். எடையை 10 ஆல் பெருக்குங்கள், உயரத்தை 6.25 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள், வயதை 5 ஆல் பெருக்கிக் கழியுங்கள், கடைசியில் ஆண்களுக்கு 5 கூட்ட வேண்டும், பெண்களுக்கு 161 கழிக்க வேண்டும். உங்களுக்கு 580 + 1075 − 115 + 5 = 1,545. இது சும்மா படுத்துக் கிடந்தாலே ஆகும் செலவு. வாரம் 4 நாள் பயிற்சி, மற்ற நேரம் சாதாரண நடமாட்டம் என்றால் இதை 1.5 ஆல் பெருக்கலாம். ஏறக்குறைய 2,300 கலோரி.

அதற்கு மேல் 200 முதல் 250 கலோரி கூட்டினால் போதும். 2,550-இல் நின்றுகொள்ளுங்கள். "நல்லா தின்னு" என்பதில் உள்ள கோளாறு இதுதான்: சதை கட்டும் வேகத்துக்கு ஒரு உச்சவரம்பு உண்டு. புதிதாக இரும்பு தூக்குகிறவருக்கு மாதம் அரைக் கிலோவிலிருந்து நன்றாக அமைந்தால் ஒரு கிலோ வரை. சோற்றைக் கூட்டினாலும் அந்த வேகம் அதற்கு மேல் ஏறாது. தினம் 500 கலோரி உபரி என்றால் மாதம் 15,000. ஒரு கிலோ கொழுப்பு சுமார் 7,700 கலோரி. சதைக்குப் போனது போக மிச்சம் எங்கே போகும் என்று நீங்களே பாருங்கள்.

புரதம் உடல் எடையில் கிலோவுக்கு 1.6 முதல் 2.2 கிராம். உங்களுக்கு 1.8 வைத்தால் 105 கிராம். பொதுமக்களுக்கு ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) சொல்லும் கிலோவுக்கு 0.83 கிராம் என்பது நோய்நொடி இல்லாமல் இருக்கப் போதுமான அளவு, சதை ஏற்றுகிறவருக்கான அளவு அல்ல. கொழுப்பு 60 கிராம் (540 கலோரி). மிச்சம் 1,590 கலோரியும் மாவுச்சத்து, அதாவது சுமார் 400 கிராம். அரிசியைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. தூக்குவதற்குத் தெம்பு தருவதே அதுதான். நம் வீடுகளில் உடம்பு கெடுவது அரிசியால் என்பதைவிட, தட்டில் புரதம் இல்லாததாலும் எண்ணெய்க்குக் கணக்கே இல்லாததாலும்தான்.

பழங்காநத்தம் இரும்பு

அக்கா சொல்றதுல பெரும்பகுதி சரி. ஒரு இடத்துல மாறுபடுறேன். 250 கலோரிங்கிறது அளக்குறதுல வர்ற பிழைக்குள்ளயே அடங்கிரும். ரெண்டு கரண்டி சோறு கூடக் குறைய விழுந்தா முடிஞ்சது கதை. 58 கிலோ பையன், சாப்பாடு கூடினதும் சில பேருக்குக் கை கால் தானா அதிகமா ஆடும், உட்கார்ந்த இடத்துல இருக்க மாட்டாங்க, கூட்டினதை அப்படியே எரிச்சுருவாங்க. இப்படி ஆளுங்களுக்கு 350–400ல ஆரம்பிக்கலாம்.

இன்னொன்னு, சாப்பாட்ட மட்டும் கூட்டி ஜிம்ல அதே 20 கிலோவையே தள்ளிக்கிட்டு இருந்தா 100 கலோரி உபரி கூட வயித்துலதான் உட்காரும். ஒவ்வொரு தசைக்கும் வாரத்துக்கு 10லேர்ந்து 20 செட் (இடையில நிறுத்தாமத் தூக்குற ஒரு சுத்துதான் செட்), அதை ரெண்டு நாளாப் பிரிச்சு. ஒவ்வொரு செட்டும் இன்னும் ஒண்ணு ரெண்டு தான் தூக்க முடியும்ங்கிற நிலை வரைக்கும் போகணும். 8 தடவை தூக்கினது 12 ஆச்சுன்னா எடையக் கூட்டு. நோட்டுல எழுது. நோட்டுல நம்பர் ஏறலைன்னா தட்டுல சோறு ஏறக் கூடாது.

உணவுக்கணக்கு

இரும்பு அண்ணன் சொல்லும் அளவுப் பிழை உண்மைதான். அதனால்தான் உபரியைத் தட்டில் பார்க்காமல் தராசில் பார்க்கச் சொல்கிறேன். காலை எழுந்து, கழிப்பறை போய்விட்டு, எதுவும் சாப்பிடும் முன் தினமும் எடை பாருங்கள். ஒரு நாள் எண்ணுக்கு மதிப்பில்லை. 7 நாள் சராசரியை அதற்கு முந்தைய 7 நாள் சராசரியோடு ஒப்பிடுங்கள். வாரத்துக்கு உடல் எடையில் 0.25 முதல் 0.5 சதவீதம், உங்களுக்கு 150 முதல் 300 கிராம் வரை ஏறினால் சரியான பாதை. முதல் வாரம் சட்டென்று ஒரு கிலோ ஏறலாம். அது மாவுச்சத்தோடு தசையில் சேரும் தண்ணீரும், குடலில் இருக்கும் உணவும்தான், ஏமாந்துவிடாதீர்கள். இரண்டு மூன்று வாரம் சராசரி அசையவே இல்லை என்றால் 120 கலோரி கூட்டுங்கள். சரியாக 35 கிராம் அரிசி. வேகமாக ஏறினால் அதே 35 கிராமை எடுத்துவிடுங்கள். 250-ஆ 400-ஆ என்ற வாதத்தை அந்தத் தராசு தீர்த்துவிடும்.

தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து வாரம் ஒருமுறை இடுப்பும் அளக்க வேண்டும், மூச்சை இயல்பாக விட்ட நிலையில். எடை 2 கிலோ ஏறும்போது இடுப்பு 2 செ.மீ.க்குள் நின்றால் நல்லது. எடையைவிட இடுப்பு வேகமாக ஓடினால் உபரி அதிகம், அல்லது பயிற்சி போதவில்லை.

திருநகர் இளசு

சரிக்கா. எங்க வீட்டுச் சாப்பாட்ட வச்சே ஒரு நாள் தட்டு போட்டுக் காட்ட முடியுமா?

உணவுக்கணக்கு

காலை பயிற்சிக்கு முன் ஒரு வாழைப்பழம், ஒரு டீ: 150 கலோரி, புரதம் ஒன்றிரண்டு கிராம்.

காலைச் சாப்பாடு 5 இட்லி, ஒரு கிண்ணம் சாம்பார், 3 அவித்த முட்டை. இட்லியில் ஒன்றுக்கு 55 கலோரி, சுமார் 2 கிராம் புரதம். முட்டை ஒன்றுக்கு 72 கலோரி, 6 கிராம். மொத்தம் 590 கலோரி, 33 கிராம் புரதம். இந்த ஒரு வேளையைத் திருத்தினாலே பாதி வேலை முடிந்தது. இட்லியும் தேங்காய்ச் சட்னியும் மட்டும் என்றால் 10, 12 கிராம் புரதம் தாண்டாது.

மதியம் 130 கிராம் அரிசிச் சாதம், 30 கிராம் பருப்பு போட்ட சாம்பாரோ கூட்டோ, பொரியல், 150 கிராம் தயிர், சமையலில் சேரும் எண்ணெய் 10 மி.லி.: 790 கலோரி, 23 கிராம்.

சாயந்திரம் நீலப் பாக்கெட் பால் 250 மி.லி., பொட்டுக்கடலை 40 கிராம், ஒரு பழம்: 395 கலோரி, 17 கிராம்.

இரவு 3 தோசை, 40 கிராம் மீல் மேக்கர் (காய்ந்த எடை) போட்ட குருமா, எண்ணெய் 10 மி.லி.: 610 கலோரி, 30 கிராம்.

கூட்டினால் 2,535 கலோரி, 104 கிராம் புரதம். ஞாயிற்றுக்கிழமை மீல் மேக்கருக்குப் பதில் எலும்பில்லாத கோழி 100 கிராம் (பச்சை எடை), 22 கிராம் புரதம் வந்துவிடும். காலை, மதியம், இரவு மூன்று வேளையும் 20 கிராமுக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும். தூக்கி முடித்த அரை மணிக்குள் குடித்தாக வேண்டும் என்று அடித்துப் பிடித்து ஓட வேண்டாம். நாள் மொத்தமே முக்கியம்.

திருநகர் இளசு

வீட்ல நாலு பேருக்கு ஒரே உலை. இதுல என்னோட 130 கிராம் எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

உணவுக்கணக்கு

சமையலறைத் தராசு ஒன்று வேண்டும், 5 கிலோ வரை அளக்கும் சாதாரணத் தராசு போதும். உலையில் போடும் முன் அரிசியை அப்படியே எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள், 500 கிராம் என்று வைப்போம். வடித்து நிமிர்த்தியதும், காலிச் சட்டியின் எடையைக் கழித்து மொத்தச் சாதத்தை நிறுத்துப் பாருங்கள். 1,400 கிராம் வந்தால் 1,400-ஐ 500 ஆல் வகுத்து 2.8. உங்கள் 130 கிராம் அரிசி என்பது 130 × 2.8 = 364 கிராம் சாதம். தட்டைத் தராசில் வைத்து அந்த அளவுக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இட்லி அரிசி, புழுங்கல் பொன்னி, ரேஷன் அரிசி ஒவ்வொன்றும் குடிக்கும் தண்ணீர் வேறு. குக்கரில் வைத்தால் ஒரு எண், வடித்தால் ஒரு எண். அதனால் வேறொருவர் சொல்லும் "ஒரு கப் சாதம்" உங்களுக்கு உதவாது. வீட்டு அரிசிக்கு மூன்று நான்கு முறை இந்தக் கணக்கைப் போட்டால் பிறகு கரண்டியைப் பார்த்தே தெரிந்துவிடும்.

எண்ணெய்க்கு இன்னும் எளிய வழி. மாதம் வீட்டுக்கு எத்தனை லிட்டர் வாங்குகிறீர்கள் என்று பாருங்கள். நாலு பேருக்கு 4 லிட்டர் என்றால் ஒருவருக்கு நாளைக்கு 33 மி.லி., சுமார் 270 கலோரி. உங்களுக்குத் தேவையான மொத்த உபரியும் அதிலேயே இருக்கிறது! பொரித்துவிட்டு மிஞ்சும் எண்ணெயைக் கழித்தாலும் பெரிய எண்தான். இட்லிப் பொடியில் குழி பறித்து ஊற்றும் நல்லெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி. அதைப் பாதியாக்கி மோர் கலந்து குழைத்தாலும் பொடி நன்றாகவே இருக்கும். தேங்காய் 100 கிராமில் 33 கிராம் கொழுப்பு. சட்னியில் பாதித் தேங்காயை எடுத்துவிட்டுப் பொட்டுக்கடலையைக் கூட்டுங்கள்.

சைவத்தட்டு

முட்டையும் சேர்க்காதவர்களுக்கு நான் சொல்கிறேன். புரட்டாசியில் மதுரையில் பாதிப் பேர் என் பக்கம் வந்துவிடுவார்கள், கார்த்திகையில் மாலை போட்டவர்களும் வருவார்கள். விரத மாதத்தில் கறி, முட்டையை நிறுத்திவிட்டு அந்த இடத்தைச் சோற்றாலும் அப்பளத்தாலும் நிரப்பினால் கலோரி குறையாது, புரதம் மட்டும் பாதியாகிவிடும்.

மூன்று முட்டைக்கு ஈடு: 60 கிராம் பச்சைப்பயறு ஊறவைத்து அரைத்த தோசை, 14 கிராம் புரதம், 205 கலோரி. கூட ஒரு டம்ளர் பால் குடித்தால் முட்டையின் 18 கிராமைத் தாண்டிவிடும். அப்போது இட்லியில் இரண்டைக் குறைத்துக்கொள்ளுங்கள். இரவுக்கு அடை. அரிசியும் பருப்புக் கலவையும் சரிபாதி. 50 கிராம் அரிசி, 50 கிராம் பருப்பு சேர்ந்தால் 15 கிராம் புரதம் வரும். அடை எண்ணெயைக் குடிக்கும் என்பதால் நடுவில் ஓட்டை போட்டு ஊற்றும் பழக்கத்தை விட்டு, மூடி போட்டு வேகவையுங்கள். இட்லி மாவிலும் அரிசி 4, உளுந்து 1 என்பதை, தோசைக்கு மட்டும் 3-க்கு 1 ஆக்கலாம். மொறுமொறுப்பு கெடாது.

புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில், அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு. ஒன்றின் குறையை மற்றது தீர்க்கும். ஒரே வாயில் சேர வேண்டும் என்று இல்லை, ஒரே நாளில் சேர்ந்தால் போதும். ஆனால் 130 கிராம் அரிசிக்கு 30 கிராம் பருப்பு என்பது சைவர்களுக்குக் குறைவு. 60 ஆக்கி, அரிசியில் 30 எடுத்துவிடுங்கள். ரேஷனில் கிடைக்கும் துவரம் பருப்பே போதும்.

மீல் மேக்கர் 100 கிராமில் 52 கிராம் புரதம். நாளுக்கு 40, 50 கிராம் தாராளமாகச் சேர்க்கலாம். பலர் கைவிடுவது வாடையாலும் வயிற்று உப்புசத்தாலும். உப்புப் போட்ட கொதிநீரில் 5 நிமிடம் வேகவைத்து, பச்சைத் தண்ணீரில் அலசிப் பிழிந்து, மறுபடி ஒருமுறை அலசிப் பிழிந்தால் வாடை போய்விடும். முதல் வாரம் 20 கிராமில் தொடங்குங்கள். பயறும் கொள்ளும் இரவு முழுக்க ஊறி, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் வாயு குறையும்.

கறிக்குப் பதில் என்று காளானை நம்புகிறவர்கள் நிறைய. 100 கிராம் காளானில் 3 கிராம் புரதம்தான். பன்னீரில் 18 கிராம் இருக்கிறது, கூடவே 20 கிராமுக்கு மேல் கொழுப்பும் வரும். வாரம் இரண்டு முறை போதும்.

கரிமேட்டுக்காரன்

அசைவத்துக்கு நான் வர்றேன். சதைக்குன்னா முதல் இடம் கோழி நெஞ்சுக்கறி, தோல் உரிச்சது. 100 கிராமுக்கு 22 கிராம் புரோட்டீன், கொழுப்பு சொற்பம். எலும்போட வாங்குனா எடையில மூணுல ஒரு பங்க எலும்புக்குத் தள்ளிருங்க. ஆட்டுக்கறியிலயும் புரோட்டீன் கிட்டத்தட்ட அதே அளவுதான், ஆனா எந்த இடத்துக் கறிங்கிறதப் பொறுத்துக் கொழுப்பு எங்கிட்டோ போயிரும். தொடைக்கறியா, கொழுப்பு நீக்கிக் கேளுங்க. நெஞ்செலும்பு ருசிதான், அது பண்டிகைக்கு. ஈரலும் சுவரொட்டியும் (மண்ணீரல்) கொழுப்பு கம்மி, இரும்புச்சத்து அதிகம். ஈரல்ல வைட்டமின் ஏ ரொம்ப அதிகம், அதனால வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல வேணாம். யூரிக் ஆசிட் தொந்தரவு இருக்கவங்க ரெண்டையும் தொடவே வேணாம்.

மீன்ல கண்மாய் ஜிலேபி மலிவு. சதை 100 கிராமுக்கு 20 கிராம் புரோட்டீன், 100 கலோரி கூட வராது. மத்தி மீன்ல நல்ல கொழுப்பும் சேர்ந்து வரும். குழம்பா வைங்க. பொரிச்சா மசாலா மாவு எண்ணெயக் குடிச்சுக்கிட்டு மீன விடக் கனமா வந்து நிக்கும். நெத்திலிக் கருவாட்டுல புரோட்டீன் நெறைய, உப்பும் நெறைய. மறுநாள் தராசுல அரைக் கிலோ தண்ணி கூடக் காட்டும், பதறாதீங்க.

நாட்டுக்கோழி முட்டையப் பச்சையா உடைச்சுக் குடிக்கிற பழக்கம் கிராமத்துப் பக்கம் இன்னும் இருக்கு. வேகவச்ச முட்டையில புரோட்டீன் 90 சதவீதம் செரிச்சு உடம்புல ஒட்டும், பச்சை முட்டையில பாதிதான் ஒட்டும். கிருமி ஆபத்து வேற. அவிச்சுத் தின்னுங்க.

திருநகர் இளசு

மஞ்சக்கருவ எடுத்துரச் சொல்றாங்களே? அப்புறம் சனிக்கிழமை ராத்திரி கூட்டாளிங்களோட பரோட்டாவுக்குப் போறது தவிர்க்க முடியாது.

பழங்காநத்தம் இரும்பு

23 வயசுல, சர்க்கரை, கொலஸ்ட்ரால் பிரச்சனை இல்லாத உடம்புக்கு நாளைக்கு மூணு முழு முட்டை தாராளமாச் சாப்பிடலாம். முட்டையோட நல்ல சத்துல பாதி மஞ்சக்கருவுலதான் இருக்கு. அதுக்கு மேல புரோட்டீன் வேணும்னா வெள்ளைக்கருவாக் கூட்டிக்க, ஒண்ணுக்கு 17 கலோரி, மூணரை கிராம்.

பரோட்டாக் கணக்கப் பாரு தம்பி. ஒண்ணுக்கு 60 கிராம் மைதான்னாலே 210 கலோரி. பிசையிறதுல, வீசுறதுல, கல்லுல ஊத்துறதுல 10 கிராம் எண்ணெய் சேர்ந்தா இன்னும் 90. ஆக ஒண்ணு 300, புரோட்டீன் 6 கிராம். நாலு பரோட்டா 1,200. மேல மிதக்குற எண்ணெயோட சால்னா, ஒரு சுக்கா, முடிச்சுட்டு ஜிகர்தண்டா. வீட்ல 600 கலோரில முடிய வேண்டிய ராத்திரிச் சாப்பாடு 1,800 தாண்டிரும். உன்னோட வாரத்து உபரி மொத்தமே 250 × 7 = 1,750. அதுல முக்காவாசிய ஒரே ராத்திரில முடிச்சுட்டு, மத்த ஆறு நாளும் அதே சாப்பாடு சாப்பிட்டா இடுப்பு ஏறாம என்ன செய்யும்?

போகாதன்னு சொல்லல. ரெண்டு பரோட்டா, சால்னாவ மேல தெளிக்காம தனிக் கிண்ணத்துல வாங்கித் தொட்டுக்க, ரெண்டு முட்டை ஆம்லெட். இல்லைன்னா ஒரு கறி தோசை, ரெண்டு அவிச்ச முட்டை. அன்னைக்கு மத்தியானச் சாதத்துல பாதியக் குறைச்சுரு, முட்டையையும் பயறையும் குறைக்காத. ஜிகர்தண்டால பாதாம் பிசினும் கடல்பாசியும் ஒண்ணும் பண்ணாது, சுண்டக் காய்ச்சின பாலும் சர்க்கரையும் ஐஸ்கிரீமும்தான் எல்லாக் கலோரியும். சின்ன டம்ளர் வாங்கு. தண்ணியடிக்கிற பழக்கம் இருந்தா அதுவும் கிராமுக்கு 7 கலோரி, கூடவே தூக்கத்தையும் கெடுக்கும். 7 மணி நேரம் தூங்காத உடம்புல நீ போட்ட முட்டை பாதி வீண்.

மேலூர் வயக்காடு

ஜிம் போற பிள்ளைங்களுக்கு மட்டும் கணக்குச் சொல்றீங்க. கரும்பு வெட்டுறவன், மூட்டை தூக்குறவன், சல்லிக்கட்டுக்கு உடம்பத் தயார் பண்றவன் எல்லாம் 1.5 ஆல பெருக்குனா பட்டினிதான். எங்களுக்கு 1.8, வேலை கடுமையா இருந்தா 2 வச்சுக்கிடணும். சித்திரை வைகாசி வெயில்ல பசி செத்துப் போகும், சோறு இறங்காது. அப்பக் குடிக்கிற மாதிரி வைங்க. 60 கிராம் கம்பு மாவுக் கூழு, 200 கிராம் தயிரு, சின்ன வெங்காயம், உப்பு. 330 கலோரி, 13 கிராம் புரதம் கிட்ட வந்துரும். பழைய சோத்துல தயிரக் கடைஞ்சு ஊத்தி ரெண்டு அவிச்ச முட்டை கடிச்சுக்கிட்டா அதுவே நல்ல காலைச் சாப்பாடு. வெயில் காலத்துல ஒரே நாள்ல வேர்வையாலயே எடை ஒரு கிலோ ரெண்டு கிலோ ஆடும். அந்த ஏழு நாள் சராசரி எங்களுக்குத்தான் ரொம்ப வேணும்.

மருந்துச்சீட்டு

இந்த இழையைப் படிப்பவர்கள் ஒன்றை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். "சத்து மாத்திரை", "வெயிட் ஏத்துற மாத்திரை" என்று சீட்டு இல்லாமல், பெயர் இல்லாத பொட்டலத்தில் கொடுப்பதை வாங்காதீர்கள். இப்படிக் கொடுக்கப்படுபவற்றில் அடிக்கடி இருப்பது சைப்ரோஹெப்டடினும் டெக்ஸாமெத்தசோனும். முதலாவது அலர்ஜி மருந்து, பசியைத் தூண்டும், தூக்கமும் வரும். இரண்டாவது ஸ்டீராய்டு, ஆனால் சதை வளர்க்கும் வகை அல்ல, நேர் எதிர். கை கால் தசையைக் கரைத்து, முகத்திலும் வயிற்றிலும் கொழுப்பையும் நீரையும் சேர்க்கும். பத்து நாளில் கன்னம் உப்பியதும் "உடம்பு வச்சிருச்சு" என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். சர்க்கரை ஏறும், எலும்பு பலவீனமாகும். நெடுநாள் எடுத்துவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் மயக்கம், ரத்த அழுத்த வீழ்ச்சி என்று உயிருக்கே ஆபத்தாகலாம். ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்பவர்கள் தாமாக நிறுத்தாமல், அந்த மாத்திரையோடு மருத்துவரிடம் போங்கள். ஜிம்மில் சொல்லும் ஊசிக்கும் இதே பதில்தான், வேண்டாம்.

பவுடர் விஷயம். ஐ.சி.எம்.ஆரும் அதன் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் (என்.ஐ.என்.) வெளியிட்ட 2024 உணவு வழிகாட்டி, சதை வளர்ப்பதற்கு புரோட்டீன் பவுடரைத் தவிர்க்கவே சொல்கிறது. மேலே போட்ட தட்டைப் பார்த்தால் உங்களுக்கு அது தேவையும் இல்லை. எடை ஏற்றும் பவுடர் என்று விற்கும் "மாஸ் கெய்னர்" டப்பாவைத் திருப்பி அட்டவணையைப் படியுங்கள். பலவற்றில் 100 கிராமில் 15, 20 கிராம்தான் புரதம், 70 கிராமுக்கு மேல் மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்தும் சர்க்கரையும். அந்த மாவுச்சத்தை அரிசியிலேயே எடுக்கலாம்.

உணவுக்கணக்கு

மருந்துச்சீட்டு சொன்னதில் மாத்திரை பற்றியது ஒவ்வொரு எழுத்தும் உண்மை. பவுடரில் மட்டும் கொஞ்சம் விலகுகிறேன். முட்டை தொடாத, சோயா ஒத்துக்கொள்ளாத ஒருவருக்கு 105 கிராம் எட்டுவது நிஜமாகவே சிரமம். அவருக்கு ஒரு கரண்டி வே புரோட்டீன் (பாலிலிருந்து பிரித்த புரதப் பொடி), 24 கிராம் புரதம், 120 கலோரி, பால்பொடி போன்ற ஒரு உணவுதான். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் உள்ள, மூடி முத்திரை உடையாத டப்பாவாக வாங்குங்கள்.

தூக்கும் தெம்பைக் கூட்டும் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் என்ற பொடியும் ஆராய்ச்சியில் நன்றாக நிரூபணமானது. நாளைக்கு 3 முதல் 5 கிராம், எந்த நேரமும் எடுக்கலாம். ஆரம்பத்தில் தசைக்குள் நீர் சேர்ந்து ஒரு கிலோ வரை ஏறும், அது கொழுப்பு அல்ல. எடுத்துக்கொண்டிருக்கும்போது ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் அளவு) சற்று உயர்ந்து காட்டலாம், மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கிரியேட்டினும் வேண்டாம், இந்தப் புரத அளவும் வேண்டாம். அவர்களுக்கு மருத்துவர் சொல்வதே கணக்கு. 40 தாண்டியவர்கள், வீட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் தொடங்கும் முன் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் எச்பிஏ1சி-யும் (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) பார்த்துவிடுங்கள்.

பழங்காநத்தம் இரும்பு

எப்ப நிறுத்துறதுன்னு யாரும் சொல்லல. இந்தியர்களுக்கு ஆண்கள் இடுப்பு 90 செ.மீ., பெண்கள் 80 செ.மீ. தாண்டினா ஆபத்துன்னு வச்சிருக்காங்க. அதுவரைக்கும் போகவே வேணாம். உயரத்துல பாதிதான் எல்லை, உனக்கு 86. அதையும் எட்ட விடாத. ஆரம்பிச்ச இடத்துலேர்ந்து 4, 5 செ.மீ. ஏறினதும் நிறுத்து. அப்புறம் 4லேர்ந்து 6 வாரம், உடம்புச் செலவுக்கு 400 கலோரி குறைவா. புரோட்டீன கிலோவுக்கு 2 கிராமுக்கு மேல வச்சுக்க. குறைக்க வேண்டியது முதல்ல எண்ணெய், அடுத்து சோறு. தூக்குற எடையக் குறைக்காத. கலோரி குறையிற மாசத்துல சதையக் காப்பாத்துறது அதுதான்.

ஒல்லியா இல்லாம ஏற்கெனவே தொப்பையோட புதுசா ஜிம்முக்கு வர்றவங்களுக்கு உபரியே வேணாம். உடம்புச் செலவுக்குச் சமமா, இல்ல 200 குறைவாச் சாப்பிட்டு, புரோட்டீன ஏத்தி, ஒழுங்காத் தூக்குனா முதல் ஆறு மாசத்துல சதை ஏறும், கொழுப்பும் இறங்கும். ரேஸ்கோர்ஸ் மைதானத்துல காலைல நடக்குறத நிறுத்திராதீங்க. தினம் 7,000, 8,000 காலடி நடந்தா சதை கரையாது.

திருநகர் இளசு

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கடைசியா ஒண்ணு. என் தங்கச்சியும் ஜிம் சேரணும்ங்குது, 50 கிலோ. அதுக்கும் இதே தட்டுதானா? அப்புறம் நான் சாயந்திரம் ஜிம் போனா என்ன மாத்தணும்?

உணவுக்கணக்கு

தங்கைக்குப் புரதம் 50 × 1.6 = 80 கிராம். கலோரி உங்கள் அளவு வேண்டாம், அவரது வயது, உயரம் வைத்து அதே கணக்கைப் போட்டு 150 கூட்டினால் போதும். உங்கள் தட்டிலிருந்து இரண்டு இட்லி, 50 கிராம் அரிசி, ஒரு தோசை எடுத்துவிடுங்கள், முட்டை இரண்டாக்குங்கள். மீதி அப்படியே இருக்கட்டும், புரதம் 85 கிராம் பக்கம் வந்துவிடும். மாதவிலக்கு நாட்களை ஒட்டி எடை கூடிக் குறையும் என்பதால் வாரத்தை வாரத்தோடு ஒப்பிடாமல், சென்ற மாதம் இதே வாரத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச்சத்து சரியாக ஒட்டாது, ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும்.

சாயந்திரம் ஜிம் என்றால் பொட்டுக்கடலையைத் தூக்கும் முன் வேண்டாம், வயிற்றில் கல்லாக நிற்கும். ஒரு மணி நேரம் முன்னால் பழமும் பாலும், வந்ததும் தோசையும் குருமாவும். பொட்டுக்கடலையைக் காலை பதினொரு மணிக்கு நகர்த்திவிடுங்கள்.